வரியனுக்கு எத்தனை கால்?

மலைக்கு இந்தப் பக்கத்துத் தவளைகளுக்கெல்லாம் முதுகில் ஆரஞ்சு வரி. அந்தப் பக்கத்துத் தவளைகளுக்கெல்லாம் மஞ்சள் புள்ளி. இரண்டு கூட்டத்துக்கும் தோலில் ஒரே விஷம். கடித்த வாய் எரியும்.

வரியன் என்ற வரித்தவளை மலையைத் தாண்டிப் போய், பொட்டழகி என்ற புள்ளித்தவளையைக் கட்டிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக அங்கேயே தங்கிவிட்டது.

அந்தத் தவளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டை பொரிந்ததும் தகப்பன்தான் தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்துபோய், பெரிய இலைகளின் மடிப்பில் தேங்கிய தண்ணீரில் விட வேண்டும். வரியன் தலைச்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

"சருகுக்கு அடியில பதுங்கிப் போங்க. இந்தக் காட்டுப் பறவைங்களுக்குப் புள்ளியைத்தான் தெரியும், வரியைத் தெரியாது" என்றது பொட்டழகி.

வரியனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் என் வரியைக் கண்டாலே பறவைகள் ஒதுங்கிப் போகும் என்று மார்தட்டிவிட்டு, வெட்டவெளியில் நடந்தது.

பாதி வழியில் ஒரு பறவை பாய்ந்து அதன் பின்னங்காலைக் கவ்வியது. வாய் எரியவே, தூவென்று துப்பிவிட்டுப் பறந்தது. கால் போய்விட்டது. ஆனால் வரியன் முதலில் பார்த்தது முதுகைத்தான். நல்லவேளை, பிள்ளை பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நொண்டி நொண்டி வீடு வந்தும் அதற்கு வாய் குறையவில்லை.

"அந்தப் பறவைக்கு நல்ல பாடம் கத்துக்கொடுத்துட்டேன். இனி அது வரிப்பக்கமே வராது."

பொட்டழகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரிங்க. எங்க கூட்டத்துல பாடம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கோம். இங்க வரி உள்ளவர் நீங்க ஒருத்தர்தான். இன்னும் நூறு பறவை பாக்கி இருக்கு. உங்களுக்கு எத்தனை கால் இருக்கு?"

வரியன் எண்ணிப் பார்த்தது. மூன்று. மிச்சப் பிள்ளைகளைச் சருகுக்கு அடியிலேயே சுமந்துபோய்ச் சேர்த்தது.

பிள்ளைகள் வளர்ந்தபோது சிலவற்றுக்கு வரி வந்தது, சிலவற்றுக்குப் புள்ளி. வரிப்பிள்ளைகளைப் பாடம் கற்காத பறவைகள் கொத்திக் கொத்திப் பார்த்தன. அவற்றில் தப்பியவை ஒன்றிரண்டே. புள்ளிப்பிள்ளைகளை ஒரு பறவையும் சீண்டவில்லை. பேரப்பிள்ளைகளில் ஒன்றுக்கும் வரி இல்லாமல் போயிற்று. வரியனுக்கு அதில் தீராத வருத்தம்தான். ஆனாலும் புள்ளிப் பேத்திகள் வெட்டவெளியில் பயமில்லாமல் குதித்து விளையாடும்போது, அது வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் பலம் நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, எதிரிக்கும் தெரிந்திருந்தால்தான் அது நம்மைக் காக்கும்.