மகாராஜா காரும் மஞ்சள் விளக்கும்

மோட்டார் வண்டியும் இருந்தது, அதில் ஏறிப் போக ராஜாவும் இருந்தார். அது எந்தக் காலம் என்று குறுக்கே கேட்காதீர்கள், கதை நின்றுவிடும். ஊர் பனிமுகட்டூர், மலை மேல் ஒரு சமஸ்தானம். மார்கழியில் அங்கே வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் புகை வரும். ராஜா பெயர் வரகுணராயர். பனிக்காலம் முழுக்க விடிந்ததும் கோயிலுக்குப் போவது அவர் வழக்கம்.

போவது டீசல் காரில். யானை மாதிரி கறுப்பு. மத்தியானத்தில் தொட்டதும் எழுந்துகொள்ளும். காலையில் மட்டும், அம்மாடியோ! கிர்ர்ர் கிர்ர்ர் என்று சுத்தும், பின்னால் வெள்ளைப் புகை விடும், கிளம்பாது. பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு தள்ளுவார்கள். ராஜா உள்ளே குலுங்குவார். ஒருநாள் கோயில் வாசல் வரைக்கும் தள்ளியே கொண்டுபோனார்கள். ஊரே பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை, வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தார்கள்.

சபையில் ராஜா கொதித்தார். அரண்மனை நிர்வாகம் பேஷ்கார் தாண்டவராயர் கையில். தன் மச்சானை டிரைவர் ஆக்கவேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. விடுவாரா?

"மகாராஜா, காரில் ஒரு கோளாறும் இல்லை. டிரைவர் இருளப்பன்தான் வேணும்னே செய்யறான். பெண்டாட்டி பிள்ளையோட அவனை எல்லை தாண்டி விரட்டணும்."

இருளப்பன் தடாலென்று காலில் விழுந்தான். "ஐயோ மகாராஜா! குழந்தை பிறந்து பதினோரு நாள்தான் ஆகுது. இந்தப் பனியில எங்க போவேன்?"

அப்போது எழுந்தார் ஏகாம்பரம். சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

"மகாராஜா, ஒரு நாள் தவணை கொடுங்க. நாளைக் காலையில முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பும்."

"கிளம்பாவிட்டால்?"

"இருளப்பன் குழந்தையைத் தூக்கிக்கட்டும். நான் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கிட்டு பின்னாலேயே போயிடறேன்."

நேராகக் கார் கொட்டகைக்குப் போனார் ஏகாம்பரம்.

"இருளப்பா, பேட்டரி எப்படி?"

"ஜம்முனு இருக்குங்க. செல்ப் மோட்டார் நல்லாத்தான் சுத்துது."

"டீசல் வருதா?"

"வரலைன்னா புகை ஏதுங்க? வெள்ளையா வர்றது எரியாத டீசல்தான்."

"அப்ப சூடு பத்தலை. எஞ்சினுக்குச் சூடேத்தற ஹீட்டர் பிளக்?"

"நாலையும் கழட்டிப் பார்த்துட்டேன். நாலும் கங்கு மாதிரி சிவக்குது."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "என்ன கூத்துடா இது! எல்லாம் நல்லா இருக்கு, வண்டி மட்டும் கிளம்பலை. காலையில என்னதான் செய்யறே?"

இருளப்பன் அக்கம்பக்கம் பார்த்தான். "செய்ய வேண்டியது எனக்குத் தெரியும் ஐயா. சாவியைப் பாதி திருப்பினா இந்த மஞ்சள் விளக்கு எரியும். பிளக் சூடாகுதுன்னு அர்த்தம். இந்தக் குளிருக்குப் பதினஞ்சு எண்ணணும். விளக்கு அணைஞ்ச பிறகுதான் முழுசாத் திருப்பணும். ஆனா எங்க எண்ண விடறாங்க?"

விஷயம் இதுதான். பனிமுகட்டூரில் கார் சாவி ராஜமுத்திரைக்குச் சமம். ராஜா ஏறி உட்கார்ந்த பிறகுதான் வெள்ளித் தட்டில் வரும். வந்த கையோடு பேஷ்கார் பிரம்பால் கதவைத் தட்டி, "ம், எடு!" என்பார். ராஜாவைக் காக்க வைக்கக் கூடாது. "கொஞ்சம் பொறுங்க" என்று அவரிடம் சொன்னவன் நாட்டிலேயே இருக்கக் கூடாது. முப்பாட்டனார் செப்பேட்டில் வெட்டிவைத்த சட்டம். குதிரை வண்டிக்குப் போட்டதைப் பேஷ்கார் காருக்கும் மாட்டிவிட்டார். பாவம் இருளப்பன், பயத்தில் சாவியை ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவான்.

"சொன்னாலும் எல்லை தாண்டணும், சொல்லாட்டியும் எல்லை தாண்டணும்," என்று அழுதான்.

"நீ சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாவியைப் பாதி திருப்பிட்டு விளக்கை மட்டும் பாரு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் விடிந்தது. பல்லெல்லாம் தந்தியடிக்கிற குளிர். ராஜா ஏறினார். ஏகாம்பரம் முன் சீட்டில் தொற்றிக்கொண்டார். தட்டு வந்தது. பிரம்பு தட்டியது. இருளப்பன் பாதி திருப்பினான். விளக்கு எரிந்தது.

ஏகாம்பரம் ராஜாவைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "அடடடா!"

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லை மகாராஜா. மீசையில... வலது பக்கம்... ஒரே ஒரு முடி நட்டுக்கிட்டு நிக்குது. கோயில் வாசல்ல ஊரே பார்க்கும். பரவாயில்லை, போகலாம். எடுப்பா இருளப்பா!"

ராஜாவுக்கு மீசைதான் உயிர். "டேய் டேய், பொறு! பொறு!" என்று பதறிக் கண்ணாடியை எடுத்தார். எச்சில் தொட்டு முறுக்கினார். "போச்சா? இன்னும் நிக்குதா?" என்றார். வெளியே பேஷ்கார் "எடு, எடு!" என்று கதவைப் போட்டு அடித்தார்.

"பேஷ்காரரே, மகாராஜா பொறுங்கறார், நீங்க எடுங்கறீங்க. யார் பேச்சைக் கேக்கறது?" என்றார் ஏகாம்பரம். பிரம்பு அந்தரத்தில் நின்றது.

இருளப்பன் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். பதிமூன்று. பதினாலு. பதினைந்து. விளக்கு அணைந்தது.

"ம், இப்ப சரியா இருக்கு. எடு!" என்றார் ராஜா.

ஒரே திருப்பு. டுர்ர்ர்ர்! வண்டி பாய்ந்தது. தள்ளுவதற்குக் குனிந்த எட்டுப் பேரும் பிடிமானம் போய்க் குப்புற விழுந்தார்கள். விழுந்தபடியே "ஆஹா!" என்று கத்தினார்கள். இருளப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

"என்னய்யா கோளாறு?" என்றார் ராஜா.

"வண்டியில ஒண்ணுமில்லை மகாராஜா. குளிருக்குச் சூடேற பதினஞ்சு எண்ணணும். பொறுங்கன்னு சொல்ல இந்த நாட்டுல உங்களைத் தவிர ஒருத்தருக்கும் உரிமை இல்லை. அதான் உங்க வாயாலேயே சொல்ல வெச்சேன்."

"அடப்பாவி! அப்ப அந்த முடி?"

"நிக்கவே இல்லை மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் காரே ஆடியது. முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரம் கழுத்தில் போட்டார். "இருளப்பா, உன் குழந்தைக்குத் தங்கக் காப்பு! நீ எங்கேயும் போக வேண்டாம்," என்றார். பிறகு மீசையைத் தடவியபடி கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாம் சரி. முப்பாட்டனார் சட்டத்தை நான் அழிக்க முடியாதே. அப்ப நாளைக்கும் என் மீசையில முடி நட்டுக்குமா?"

"தினமும் நட்டுக்கும் மகாராஜா," என்றார் ஏகாம்பரம். "பங்குனி வெயில் வந்ததும் தானா படுத்துக்கும்."