நான்காவது பெட்டி

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி, இறாலை உறையவைக்கும் ஒரு குளிர்கிடங்கு. சுவரெல்லாம் இரும்புத் தகடு. செல்போன் உள்ளே எடுக்காது. அங்கே கம்பியில்லாத் தொலைபேசி அமைக்கும் வேலை சேர்மக்கனியிடம் வந்தது.

முப்பது வருஷம் கேபிள் இழுத்தவர் சேர்மக்கனி. ஐம்பதைக் கடந்தபின் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நிலோஃபரிடம் சேர்ந்தார். நிலோஃபருக்கு வயது முப்பத்து மூன்று. அவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிடங்கில் ஆட்கள் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் சேர்மக்கனி வரைபடத்தை விரித்தார். நீண்ட நடைவழியில் வரிசையாக, போனுக்கு அலை பரப்பும் ஏழு பெட்டிகள். ஒவ்வொன்றும் முந்தைய பெட்டியின் அலையைக் கேட்டு, அதன் தாளத்தோடு தன் தாளத்தைச் சேர்த்துக்கொள்ளும். தாளம் ஒன்றாக இருந்தால்தான், பேசிக்கொண்டே நடப்பவரை ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் ஒப்படைக்க முடியும்.

"ஒண்ணைக் கேட்டு ரெண்டு, ரெண்டைக் கேட்டு மூணு. கதவெல்லாம் சாத்திவச்சு அளந்துட்டேன் டீச்சர். நல்லா கேக்குது."

"முந்தின பெட்டி நின்னுபோனா? வேற எதையாவது கேக்குமா, அண்ணாச்சி?"

"கேக்க வைக்கலாம். அதுக்கு இன்னும் மூணு பெட்டி வேணும். எல்லாம் புதுசு டீச்சர், எது நிக்கப்போவுது?" சற்றுத் தயங்கிக் கேட்டார். "திட்டம் போடுறவன் எவ்வளவுதான் பயப்படணும்?"

நிலோஃபர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதுல எது கெடவே கெடாது?"

"நாலாவது. நானே மாட்டினது."

"அதை அணைங்க."

அணைத்தார். நிலோஃபர் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு போனை எடுத்தார்.

"இந்தக் கதவால போயி அந்தக் கதவால வர்றேன். நாலு நிமிஷம். லைன்லயே இருங்க."

கனத்த கதவு மூடிக்கொண்டது.

"ரெண்டாவது பெட்டி தாண்டியாச்சு," என்றது போனில் குரல். "சுவர்ல அமோனியா குழாய் போகுது."

"ஆமா டீச்சர், கசிஞ்சா மூச்சு முட்டும். தரை வழுக்கும், பாத்து."

"மூணும் தாண்டியாச்சு. அண்ணாச்சி, இங்க என்னமோ வாடை…"

குரல் அறுந்தது.

"டீச்சர்? ஹலோ, டீச்சர்!"

திரும்ப அழைத்தார். மணி போகவில்லை. கேட்க நான்காவது இல்லாமல் தாளம் தவறி, திரையில் ஐந்தாவது பெட்டியின் விளக்கு சிவந்தது. பிறகு ஆறாவது. பிறகு ஏழாவது.

நான்காவது பெட்டியை மறுபடி போட்டார். அவசரத்தில் விரல் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது. அது விழித்து, மூன்றாவதைத் தேடத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. நான்காவது நிலைக்கு வந்தால்தான் ஐந்தாவது அதைக் கேட்கும். அது வந்தால்தான் ஆறாவது. அந்த வரிசையை எழுதியவர் அவர்தான். அவசரப்படுத்த வழியில்லை.

ஐந்து நிமிஷம் ஆனது. ஆறு ஆனது. நாளை இந்நேரம் உள்ளே நாற்பது பெண்கள் வேலையில் நிற்பார்கள் என்ற நினைப்பு வந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடினார். குளிர்கோட்டு அணியவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும்போது, கட்டடத்தின் மறுகோடியில் இன்னொரு கதவு திறந்தது.

வெள்ளைப் பனிமூட்டத்தோடு நிலோஃபர் வெளியே வந்தார். இமையெல்லாம் பனி.

"வாடைன்னு சொன்னீங்களே!" சேர்மக்கனி அவரிடம் ஓடினார்.

"இறால் வாடை."

"நாலு நிமிஷம்னீங்க."

"அஞ்சாவது பெட்டிக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னேன்."

சேர்மக்கனி சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய், வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாக வரைந்தார். முதல் பெட்டியை நடைவழியின் நடுவில் வைத்தார். அங்கிருந்து இரண்டு பக்கமும் கிளை பிரித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும், ஒன்று ஓய்ந்தால் கேட்க இன்னொன்று. மொத்தம் பத்து பெட்டிகள்.

நிலோஃபர் பார்த்துத் தலையசைத்தார்.

சேர்மக்கனிக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"நீங்க ஏன் டீச்சர் போனீங்க? என்னை அனுப்பியிருக்கலாமே."

"நீங்க உள்ள போயிருந்தா, அண்ணாச்சி, உங்களுக்குக் குளிர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."