பிரிக்காத பொட்டலம்

குளக்கரை நாவல் மரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டி வாழ்ந்தன. அடிக்கிளையில் இருந்தது ஊட்டுக்கூடு. மரத்திலுள்ள எல்லாக் குஞ்சுகளுக்கும் உணவு அங்கேதான் தயாராகும். அங்குள்ள எறும்புகள் அதை நூலால் சுற்றிப் பொட்டலமாக்கி மற்றக் கூடுகளுக்குத் தூக்கிப் போகும்.

கிளை பிரியும் இடத்தில் செம்மி என்ற எறும்பு காவல் இருந்தது. வருகிற எறும்புகளைத் தொட்டு முகர்ந்து பார்ப்பது அதன் வேலை. ஊட்டுக்கூட்டுப் பொட்டலத்தை மட்டும் பிரிக்கக் கூடாது. குஞ்சுகளின் சோற்றில் அழுக்குப் பட்டுவிடுமே! அது அந்த மரத்தின் வழக்கம்.

ஒரு காலையில் ஊட்டுக்கூட்டிலிருந்து பருமி என்ற எறும்பு பொட்டலத்தோடு வந்தது.

"எந்தக் கூட்டுக்கு?" என்று கேட்டது செம்மி.

"உச்சிக்கிளைக்கு."

"அங்கே காவல்காரங்க மட்டும்தானே! குஞ்சே கிடையாதே!"

"காவல்காரங்களுக்குப் பசிக்காதா? மோந்து பாருக்கா! நம்ம வாசனைதானே?"

நம் வாசனைதான். செம்மி வழி விட்டது.

மறுநாளும் பொட்டலங்கள் உச்சிக்குப் போயின. அதற்கடுத்த நாளும் போயின. செம்மி உச்சியை அண்ணாந்து பார்த்தது. உச்சிக்கிளையை ஒட்டித்தான் ராணியின் கூடு. மரத்தின் முட்டைகள் எல்லாம் அங்கேதான்.

"ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்துடலாமா?" என்று கூடக் காவல் நின்ற கட்டை என்ற எறும்பிடம் கேட்டது.

"போன வாரம் சருகைப் பார்த்து ஓணான்னு கத்தி மரத்தையே ஓட விட்டவதானே நீ! பேசாம நில்லுக்கா!"

செம்மி அடுத்த பொட்டலத்துக்கும் வழி விட்டது. கோளாறு தன்னிடம்தானோ?

சில நாட்களில் ஊட்டுக்கூடு வீங்கத் தொடங்கியது. அங்கிருந்த எறும்புகள் குஞ்சுகளை மறந்துவிட்டன. இலைமேல் இலை இழுத்துத் தங்கள் கூட்டையே பெருக்கின. பாரம் தாங்காமல் கிளை வளைந்தது. அந்தக் கூட்டை அறுத்துத் தள்ளச் சொல்லி ராணி உத்தரவிட்டது. எல்லா எறும்புகளும் திரண்டு வந்து காம்பு காம்பாகக் கடித்து அறுத்தன. கூடு குளத்தில் விழுந்தது!

"ஒழிஞ்சது சனியன்!" என்று கட்டை துள்ளியது.

"அது அனுப்பின பொட்டலமெல்லாம்?"

"கூடே போச்சு! பொட்டலம் என்ன பண்ணும்?"

செம்மி உச்சிக்கு ஏறியது.

உச்சிக்கிளைக் காவல் எறும்புகள் கண் சொருகிக் கிடந்தன. சுற்றிலும் பிரித்த நூல்கள்.

"யாரும்மா நீ? ஊட்டுக்கூட்டு ஆளா?" என்று ஒன்று குழறியது. "இடமெல்லாம் தயார் பண்ணிட்டோம். இலைகூட வளைச்சாச்சு."

"யாருக்காக?"

"வரப்போறவங்களுக்கு! பொட்டலம் தின்னதிலேருந்து வேற நினைப்பே இல்லை."

வளைத்த இலைக்குள் செம்மி எட்டிப் பார்த்தது. பருமி உட்கார்ந்து அடுத்த இலையை இழுத்துக்கொண்டிருந்தது! அந்த இலைக்கு அந்தப் பக்கம் ராணியின் கூடு.

"நீ எப்படி இங்கே?"

"நேத்தே ஏறிட்டேன்! நீதானே வழி விட்டே? மோந்துகூடப் பார்த்தியேக்கா!"

செம்மி பருமியின் காலைக் கவ்விக்கொண்டு கத்தியது. "கட்டை! ஓடி வா! இது சருகு இல்லை!"

கட்டை கூட்டத்தோடு வந்தது. அந்த இலையைப் பருமியோடு அறுத்துத் தள்ளின. ராணியின் கூடு தப்பியது.

கீழே இறங்கும்போது கட்டை மெல்லக் கேட்டது. "இன்னும் எங்கெல்லாம் பொட்டலம் போயிருக்கும்க்கா?"

"தெரியலையே. எத்தனையை விட்டேன்னும் தெரியலை."

மறுநாள் புது ஊட்டுக்கூடு கட்டப்பட்டது. அதிலிருந்து வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் செம்மியும் கட்டையும் பிரித்துப் பார்த்தன. ஒவ்வொரு இலையாகப் புரட்டியும் பார்த்தன. ஒன்றும் கிடைக்காத நாளிலும் செம்மிக்கு நிம்மதி வரவில்லை. ஆனாலும் தினமும் உச்சிவரை ஏறித் தேடியது.

தீங்கை அறுத்து எறிவதோடு வேலை முடிவதில்லை. நம் வாசனையைப் பூசிக்கொண்டு அது முன்பே அனுப்பிவைத்தவை எங்கெங்கே இடம் பிடித்திருக்கின்றன என்றும் தேட வேண்டும்.