ஒரு பக்கச் சடை

படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வையை வாயில வைக்காதே. கதை ஒண்ணுதான். நடுவுல கேள்வி கேட்டா எந்திரிச்சுப் போயிடுவேன். "ம்" மட்டும் கொட்டணும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். வாசல்ல ஒரு புங்கமரம். மரத்துல ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. வருஷம் பூரா அதை ரெஜினா டீச்சர் மட்டும்தான் அடிப்பாங்க. டண், டண், டண். பிள்ளைங்க தொடக்கூடாது. தொட்டா காது பத்திரமா இருக்காது.

ஆனா வருஷக் கடைசியில ஒரு நாள் வரும். அன்னிக்குப் பிள்ளைங்கதான் அடிக்கும். சும்மா இல்ல. பள்ளிக்கூடம் திறந்தப்போ தெரியாத ஒண்ணு, இப்போ தானாச் செய்யத் தெரிஞ்ச ஒண்ணு, அதை எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டணும். வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு "பாத்தேன்"னு சொல்லணும். அப்போதான் சுத்தியல் கைக்கு வரும்.

"தாத்தா, எங்க ஸ்கூல்ல..."

ம் மட்டும்னு சொன்னேன்ல?

"ம்."

அங்க பவளக்கொடின்னு ஒரு பொண்ணு. ரெண்டாங் கிளாஸ். அவ அம்மா செண்பகம், தூரத்துல ஒரு நூல் மில்லுல வேலை. பள்ளிக்கூடம் திறந்த வாரம்தான் கிளம்பிப் போனா. அங்கேயே தங்கணும். மாசம் ஒருக்காத்தான் லீவு. பவளம் அத்தை வீட்டுல இருந்தா.

அம்மா வந்தா முதல் வேலை என்ன தெரியுமா? பையைக்கூட உள்ள வைக்க மாட்டா. வாசப்படியில உக்காந்து, பவளத்தை முட்டிக்கு நடுவுல இறுக்கிக்குவா. எண்ணெய். சீப்பு. சரக், சரக். ரெட்டைச் சடை. ஒரு மாசத்துக் கதை பூரா அப்போதான் நடக்கும். யாரு அடிச்சா, யாரு பல்லு விழுந்துச்சு, எல்லாம்.

ஒரு தடவை பஸ் ஏறுறப்போ பவளம் காலைக் கட்டிக்கிட்டா. அப்போ அம்மா சொன்னா, "அழாதடி. வேற எதுக்கு வர்றேனோ இல்லையோ, உனக்குச் சடை போடவாச்சும் வந்துருவேன்."

சமாதானத்துக்குச் சொன்னது. பவளம் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டா.

"ம்."

அத்தைக்குக் கைக்குழந்தை ரெண்டு. ஒண்ணு அழுதா இன்னொண்ணும் அழும். ங்ஙே, ங்ஙே. தலை சீவ நேரம் ஏது? பவளம் பரட்டைத் தலையோட போனா. பசங்க, "குருவி இருக்கா? முட்டை இருக்கா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் அவ என்ன செஞ்சா, ஜன்னல் கம்பியில வாழை நாரைக் கட்டினா. மூணாப் பிரிச்சா. வலது மேல, இடது மேல. அவுந்து போச்சு. மறுபடி வலது மேல, இடது மேல. முடிச்சு விழுந்துச்சு. போட்டுக்கிட்டே இருந்தா. நார்ல வந்தது தலையில வரல. கை வலிக்கும். ரிப்பன் நழுவும். அப்புறம் ஒரு நாள் காலையில வந்துருச்சு. ரெண்டு பக்கமும், நேரா, கணக்கா.

அதோட நிக்கல. ஒண்ணாங் கிளாஸ்ல வள்ளிமயில்னு ஒரு வாண்டு. தினமும் மணியடிக்கும் முன்னாடி அதுக்கும் இவதான் போட்டுவிடுவா.

ஆனா அம்மா வர்ற அன்னிக்கு மட்டும் விடிஞ்சதும் எல்லாத்தையும் அவுத்துடுவா. பரபரன்னு தலையைக் கலைப்பா. அத்தை கேட்டா, "ஏண்டி பேய் மாதிரி நிக்கிறே?"

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க அத்தை. எனக்குச் சடை போடத் தெரியும்னு சொல்லவே சொல்லாதீங்க."

ஏன்னு புரியுதா?

"ம்... தெரிஞ்சா அம்மா வர மாட்டா."

அப்படித்தான் அவளும் நினைச்சா. கண்ணை மூடு.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. எல்லா வீட்டு ஆளும் வந்தாங்க. செண்பகம் கடைசியா வந்தா. ராத்திரி வேலை முடிஞ்சு அப்படியே பஸ் ஏறினவ. கண்ணு சிவந்து கிடக்கு. கொண்டை பூரா பஞ்சுத் துணுக்கு.

குருசாமின்னு ஒருத்தன் ஆட்டை இழுத்துக்கிட்டு வந்தான். பால் கறந்து காட்டினான். சர்ர், சர்ர். டீச்சர் கேட்டாங்க, "வீட்டு ஆள் எங்கடா?"

"இதான் டீச்சர். நான் கத்துக்கிட்டப்போ பூரா இதுதான் பாத்துச்சு. நிறைய உதையும் விட்டுச்சு."

"மே" அப்படின்னுச்சு ஆடு. டீச்சர் சுத்தியலைக் குடுத்துட்டாங்க. டண்!

சிரிக்காதே. தூக்கம் போயிடும்.

அப்புறம், "பவளக்கொடி!" எந்திரிச்சா. அவுத்துவிட்ட தலை. முதல்ல விசிலடிச்சா. வீய்ய்ங்! குயில் மாதிரி. டீச்சர் கேட்டாங்க, "இது சேர வந்த அன்னிக்கே அடிச்சியே? வெளிய நிக்கக்கூட வச்சேனே?" ஆமா. அது செல்லாது.

அப்போ ஏழாம் வாய்ப்பாடு சொன்னா. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு... நடுவுல கடகடன்னு வந்தது மடக்குன்னு நின்னுச்சு. "அது இன்னும் வரல. அடுத்த வருஷம் வரும்." அதுவும் செல்லாது.

அப்போ களிமண் யானை எடுத்து வச்சா. நல்ல யானை. டீச்சர் கேட்டாங்க, "தும்பிக்கை யாரு வச்சது?" பவளம் குருசாமியைப் பாத்தா. குருசாமி ஆட்டைப் பாத்தான். தொப்புன்னு தும்பிக்கையும் விழுந்துச்சு.

டீச்சருக்குத் தெரியும், இவளுக்கு என்ன வரும்னு. தினம் காலையில பாக்குறாங்களே. ஆனா அவங்க சொல்லக்கூடாது. பிள்ளைதான் தேடி எடுக்கணும். அங்க அதான் வழக்கம்.

"நல்லா யோசி பவளம். ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல டீச்சர்."

செண்பகம் எந்திரிச்சா. முகம் வாடிப் போச்சு. "பரவாயில்ல, இங்க வா. முதல்ல தலையைப் பாரு, அலங்கோலம்." பையில இருந்து சீப்பை எடுத்தா.

அந்த நேரம் பாத்து வள்ளிமயில் ஓடி வந்துச்சு. ஒரு பக்கம் சடை அவுந்து, கையில ரிப்பன். "அக்கா! அவுந்து போச்சு. சீக்கிரம் போட்டுவிடு. அடுத்து நான்தான்!"

பவளம் அசையல. வாண்டு விடுமா? முதுகைத் திருப்பிக்கிட்டு முன்னாடி உக்காந்துடுச்சு. "போடுக்கா!"

கை தானாப் போச்சு. வலது மேல, இடது மேல, சரசரசர. ரிப்பனைச் சுத்தினா, இழுத்தா, பூ வச்ச மாதிரி முடிச்சு.

செண்பகம் சீப்போட நிக்கிறா. "எப்படி கத்துக்கிட்டே?"

"தெரியாதும்மா."

"இப்போ போட்டியேடி?"

"எனக்குத் தெரியாது! சத்தியமாத் தெரியாது! நீ வராம இருந்துடாதேம்மா!" அப்படின்னு ஓன்னு அழுதா.

ம் எங்க?

"...ம்."

செண்பகம் சீப்பை அவ கையில வச்சா. மக முன்னாடி மண்ணுல உக்காந்தா, முதுகைக் காட்டிக்கிட்டு. கொண்டையை அவுத்துவிட்டா.

"எனக்குப் போடு. மில்லுல எனக்கு யாரு இருக்கா போட?"

பவளம் மூக்கை உறிஞ்சினா. முதல்ல பஞ்சு பொறுக்கினா. ஒவ்வொண்ணா. அப்புறம் சீப்பு. சரக், சரக். ஒரு மாசத்துக் கதை பூரா இப்போ அம்மா சொன்னா, மெதுவா, பவளத்துக்கு மட்டும் கேக்குற மாதிரி. மில்லுல எந்த மெஷின் அலறும், யாரு தூக்கத்துல பேசுவா, எல்லாம். நீளமா ஒத்தைச் சடை.

"பாத்தியாம்மா?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

செண்பகம் சடையைத் தோளுக்கு முன்னாடி எடுத்துப் போட்டா. மேல இருந்து நுனி வரைக்கும் விரலால தடவினா.

"பாத்தேன்."

சுத்தியல் வந்துச்சு. ரெண்டு கையாலயும் ஓங்கி, டணார்ர்ர்! ரோடு வரைக்கும் கேட்டுச்சு. ஆடு மிரண்டு ஓடிச்சு.

அப்புறம் அம்மா அவளை முட்டிக்கு நடுவுல இறுக்கிக்கிட்டா. "உனக்குத் தெரிஞ்சா என்ன? நான் போடுவேன்டி." வலது பக்கம் போட்டு முடிச்சா. ரிப்பன் கட்டினா. இடது பக்கம் சீப்பு வச்சா. பாம்ம், பாம்ம்! பஸ் வந்துருச்சு. அதை விட்டா மில்லுக்கு வேற பஸ் கிடையாது.

"இந்தப் பக்கம்?"ன்னு கேட்டா பவளம்.

"வர்றப்போ போடுறேன்."

ஓடிப்போய் ஏறினா. ஜன்னலோரம் உக்காந்தா. சடை இன்னும் முன்னாடிதான் கிடந்துச்சு. பின்னால தள்ளவே இல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டேதான் போனா.

பவளம் இடது பக்கத்தைத் தானே பின்னிக்கிட்டா. வலது பக்கத்தைத் தொடல. குளிக்கிறப்போ அந்தப் பக்கம் மட்டும் தண்ணி ஊத்தல. அத்தை திட்டித் தீத்தா. சடை தளர்ந்துச்சு, பிசிறு பிசிறா வந்துச்சு. அவ அவுக்கல.

"தாத்தா... அம்மா வந்தாளா?"

வந்தா. வராம எங்க போவா? சீப்போட வந்தா. திரும்பிப் படு. உன் ரிப்பன் காதுல குத்துது பாரு, குடு இங்க.

கதை பஸ் ஏறிப் போயாச்சு. நீ தூங்கு.