மூளிக்காய் கேட்ட கேள்வி

முன்னொரு காலத்தில் ஒரு கேரம் பலகை தனி நாடாக இருந்தது. வெள்ளைக்காய்கள் ஆளுங்கட்சி, கருப்புக்காய்கள் எதிர்க்கட்சி. நடுவட்டத்தில் உட்கார்ந்திருந்த சிவப்புக்காய் அவைத் தலைவர். ஆட்சி மட்டும் ஸ்டிரைக்கரிடம் இருந்தது. அது உருவத்தில் பெரியது, எடையில் பெரியது, தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது.

அந்த நாட்டின் அரசியல் சாசனம் மிகச் சிறியது. பலகையின் ஓரக்கட்டையில் செதுக்கிய சில வரிகள்தான். கோட்டின் மேல் நின்றுதான் ஸ்டிரைக்கர் அடிக்க வேண்டும் என்றது ஒரு வரி. அடிபட்டுக் குழியில் விழுந்த காய் அங்கேயே கிடக்க வேண்டும் என்றது இன்னொரு வரி. கடைசி வரி இப்படி இருந்தது: 'ஸ்டிரைக்கரே குழியில் விழுந்தால் அது தவறு. ஸ்டிரைக்கரை வெளியே எடுக்க வேண்டும். தவறுக்கு அபராதமாக, விழுந்து கிடக்கும் காய் ஒன்றையும் கூடவே மேலே எடுக்க வேண்டும்.'

குழிக்குக் கீழே வலை இருந்தது. கண்டிப்பான அதிகாரி. எந்த வரிப்படி என்று சொன்னால் திறக்கும். சொல்லாவிட்டால் அழுதாலும் திறக்காது, அதட்டினாலும் திறக்காது.

எதிர்க்கட்சித் தலைவரின் பெயர் மூளிக்காய். ஸ்டிரைக்கர் எப்போதோ விட்ட அடியில் அதன் ஓரம் பெயர்ந்துபோய்விட்டது. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் அவையில் அது எழுந்து நின்றால் வெள்ளைக்காய்கள் கொட்டாவி விடுவதை நிறுத்திவிடும்.

மூளியின் உயிர்த்தோழன் மச்சக்காய் வலக்கை மூலைக் குழியில் கிடந்தது. மூளி அடிக்கடி குழியோரம் போய் நின்று பேச்சுக் கொடுக்கும்.

"டேய் மூளி, என்னை எல்லாரும் மறந்துட்டீங்களாடா?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"மறப்பனா? ஸ்டிரைக்கருக்கு அவசரம் ஜாஸ்தி. என்னைக்காவது ஒருநாள் வழுக்கி விழும். கடைசி வரி இருக்கிற வரைக்கும் உனக்கு வழி இருக்குடா. தைரியமா இரு."

அந்தக் கடைசி வரிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒருநாள் காலையில் அவை கூடியதும் ஸ்டிரைக்கர் எழுந்தது. "சாசனத்தைச் சீர்திருத்தப் போகிறோம். கடைசி வரியை நீக்குகிறோம். ஸ்டிரைக்கர் விழுமாம், அதற்கு அபராதமாம்! நானா விழுகிறவன்? விழாதவனுக்கு எதற்கு இப்படி ஒரு வரி? இது இந்த அரசையே அவமானப்படுத்துகிறது."

வெள்ளைக்காய்கள் பலகையைத் தட்டின. சில காய்கள் ஸ்டிரைக்கர் என்ன சொன்னது என்றே கேட்காமல் தட்டின. அதற்குத்தானே அவையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்!

மூளிக்காய் எழுந்தது. குழிக்குள் கிடந்த மச்சக்காயின் முகம் கண்ணுக்குள் நின்றது.

"அவைத் தலைவர் அவர்களே, அரசிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கடைசி வரியை எடுத்துவிட்ட பிறகு, மாண்புமிகு ஸ்டிரைக்கர் ஒருவேளை குழியில் விழுந்தால், எந்த வரிப்படி வெளியே வருவார்?"

ஸ்டிரைக்கர் பவுடரைப் பார்த்தது. பவுடர்தான் அரசின் செய்தித் தொடர்பாளர். எங்கெங்கு சொரசொரப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் படர்ந்து வழவழப்பாக்குவது அதன் வேலை.

"எதிர்க்கட்சித் தலைவர் ஏன் இப்படி அபசகுனமாகப் பேசுகிறார்?" என்றது பவுடர். "நம் ஸ்டிரைக்கர் விழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையா?"

"என் ஆசையைக் கேட்கவில்லை. வரியைக் கேட்டேன்."

"இந்த ஆட்சியில் பலகை எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பது நாட்டுக்கே தெரியும்."

"பளபளப்பு அதிகமானால் வழுக்கலும் அதிகமாகும். அதனால்தான் கேட்கிறேன். விழுந்தால் எந்த வரிப்படி வருவார்?"

"அதையெல்லாம் ஆராய ஒரு குழு அமைக்கப்படும்."

"எப்போது? விழுவதற்கு முன்பா, விழுந்த பிறகா?"

கருப்புக்காய்கள் சிரித்தன. வெள்ளைக்காய்களிலும் ஒன்றிரண்டு சிரித்துவிட்டு, ஸ்டிரைக்கர் திரும்பியதும் இருமுவதுபோல் மழுப்பின. சிவப்புக்காய், "கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்" என்றது. பவுடர் மெல்லக் காற்றில் பறந்தது.

வாக்கெடுப்புக்கு முன்னால் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காய் மூளியிடம் சாய்ந்து கிசுகிசுத்தது.

"நீங்க கேட்டது நியாயம்தாண்ணே. ஆனா நான் எதிர்த்து ஓட்டுப் போட்டா அடுத்த அடி எனக்குத்தான்."

"ஆதரிச்சா மட்டும் விழாதா தம்பி? குழிக்குள்ள எட்டிப் பாரு. கருப்பு மட்டுமா கிடக்கு?"

வெள்ளைக்காய்க்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் ஆதரித்தே வாக்களித்தது. சீர்திருத்தம் நிறைவேறியது. ஓரக்கட்டையில் கடைசி வரியைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டிய இடத்தில் பவுடர் தானாகவே வந்து படிந்துகொண்டது.

மூளிக்காய் நேராக வலக்கை மூலைக்குப் போனது. கெட்ட சேதியைத் தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தது.

"வரியை எடுத்துட்டாங்கடா" என்றது.

"அப்போ நான் இங்கேயேதானா?" என்றது மச்சக்காய்.

"இல்ல. எடுத்த வரியைத் திரும்ப எழுத வைக்க எனக்குத் தெரியும். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. அது வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

ஸ்டிரைக்கருக்கு வெற்றிக் களிப்பு. அதைக் கொண்டாட நல்லதாக ஓர் அடி அடிக்க வேண்டும். யாரை அடிக்கலாம் என்று பார்த்தது. குழியோரத்தில் மூளிக்காய் நின்றுகொண்டிருந்தது. கேள்வி கேட்ட வாய்! இதைவிட வசதியாக வேறு எது கிடைக்கும்? பவுடர் வழிநெடுகப் படர்ந்து கொடுத்தது. ஸ்டிரைக்கர் கோட்டில் ஏறி நின்று, முழு வேகத்தில் பாய்ந்தது.

முழுக்காயாக இருந்திருந்தால் மூளி அப்போதே குழிக்குள் போயிருக்கும். ஆனால் அடி விழுந்தது ஓரம் பெயர்ந்த இடத்தில். மூளி குழிக்குள் விழாமல் பக்கவாட்டில் சுழன்று ஒதுங்கியது. ஸ்டிரைக்கரால் நிற்க முடியவில்லை. பவுடரில் வழுக்கிக்கொண்டே போய்த் தொப்பென்று குழிக்குள் விழுந்தது.

காய்களெல்லாம் குழியை நோக்கி ஓடின.

"வலையே, சீக்கிரம் திற!" என்று கத்தியது பவுடர்.

"எந்த வரிப்படி?" என்றது வலை.

"யார் விழுந்திருக்கிறார் தெரியுமா?"

"தெரியும். எந்த வரிப்படி?"

பவுடர் ஓரக்கட்டையைப் பார்த்தது. அங்கே இருந்ததெல்லாம் தானே பூசி மெழுகிய வெற்றிடம்தான்.

வெள்ளைக்காய்கள் அலறியடித்துக்கொண்டு அவையைக் கூட்டின. 'ஸ்டிரைக்கர் விழுந்தால் வெளியே எடுக்கலாம்' என்று ஓர் அவசரத் திருத்தம் கொண்டுவந்தன. ஆனால் ஸ்டிரைக்கரின் வாக்கு இல்லாமல் அவற்றுக்குப் பெரும்பான்மை போதவில்லை, எதிர்க்கட்சியின் ஆதரவும் வேண்டும். கருப்புக்காய்களோ, "கிடக்கட்டும் விடுங்க தலைவரே, கொஞ்ச நாள் நிம்மதியா இருப்போம்" என்று மூளியின் காதைக் கடித்தன.

"அதுவும் கூடாது" என்றது மூளி. "விழுந்தவன் கிடக்கட்டும்னு நாமளும் சொன்னா, அதுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

பிறகு அவையின் பக்கம் திரும்பியது.

"அவைத் தலைவர் அவர்களே, பாதி வரி வேண்டாம். பழைய வரி முழுதாகத் திரும்ப வரட்டும். விழுந்தால் தவறு. ஸ்டிரைக்கர் வெளியே வரட்டும். அபராதமாகக் கூடவே ஒரு காயும் வரட்டும். இதற்குச் சம்மதமானால் எங்கள் வாக்கு முழுவதும் உங்களுக்கு."

வெள்ளைக்காய்கள் தயங்கின. தவறு என்று எழுதினால் தலைவர் கோபித்துக்கொள்வாரோ? அபராதம் என்றால் அடித்துவிடுவாரோ? ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மூளிக்காய் குழியோரம் போய், பணிவாகக் குனிந்தது.

"மாண்புமிகு ஸ்டிரைக்கர் அவர்களே, காலையில் கேட்ட அதே கேள்விதான். எந்த வரிப்படி வெளியே வருவீர்கள்?"

பதிலுக்கு மச்சக்காயின் குரல்தான் வந்தது. "டேய், சீக்கிரம் ஓட்டெடுப்ப நடத்துங்கடா. இது என் மேலதான் உக்காந்திருக்கு. கனம் தாங்கல!"

சிவப்புக்காய் நிமிர்ந்து உட்கார்ந்தது. "பழைய வரியை அப்படியே திரும்பச் சேர்க்க வேண்டும் என்பவர்கள் சொல்லலாம்" என்றது.

வெள்ளைக்காய்கள் வழக்கம்போலத் தலைவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தன.

"ஆம்!" என்று முதல் குரல் கொடுத்தது குழிக்குள்ளிருந்த ஸ்டிரைக்கர்தான்.