ஏரிக்குள் ஒரு கோடை மாளிகை

ஒரு காலத்திலே நெடுங்கரை நாட்டை இளங்குமணன் என்று ஒரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி, அப்படிப்பட்ட ராஜா. ஒரு வருஷம் மழையே இல்லை, மறுவருஷம் ஊரே மிதந்தது. மனுஷர் பயந்துபோய், பருவ மந்திரி என்று ஒரு பதவியை உண்டாக்கினார். தலைமுறை தலைமுறையாய் ஏரி மடை திறந்துவிடும் குடும்பத்து மாயழகியை அதில் உட்காரவைத்தார். அந்த அம்மாள் சும்மா இருப்பாரா? வாய்க்கால் வெட்டினார், கரையெல்லாம் பனை நட்டார், தண்ணீர் ஓடும் பாதையில் ஒருத்தரையும் வீடு கட்ட விடவில்லை.

அரண்மனை அதிகாரி திருமேனிநாதருக்கு ஒரே வயிற்றெரிச்சல். மடை திறந்தவளுக்குத் தன் பக்கத்தில் ஆசனமா என்று பொருமிக்கொண்டே இருந்தார்.

மூன்று வருஷம் வம்பில்லாமல் போயிற்று. ஆவணியில் ஏரி வற்றிக் கிடந்த சமயம் பார்த்துத் திருமேனிநாதர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, ஏரியைத் தூர்த்துத் தங்களுக்கு ஒரு கோடை மாளிகை கட்டலாம். இடத்தை நானே பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளமெல்லாம் பழைய கதை. மழை வந்தால் குடை பிடி என்று சொல்வதற்கு ஒரு மந்திரி எதற்கு?"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "நியாயம்தானே. மாயழகி அம்மா, நாளையோடு உம் பதவியும் இல்லை, ஏரியும் இல்லை. ஏதாவது சொல்ல உண்டா?"

மாயழகிக்குக் கவலை ஏரியைப் பற்றித்தான். பதவி போனால் போகட்டும். ஏரி போனால் ஐப்பசி வெள்ளம் நேரே பள்ளத்தில் இருக்கும் கீழத்தெருவுக்குள் அல்லவா பாயும்? ஆனாலும் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இவ்வளவு அருமையான இடத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பரிசு வேண்டாமா, மகாராஜா? அந்த இடத்தை அவருக்கே கொடுங்கள். குடிசை போட்டுக் குடும்பத்தோடு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கேயே இருக்கட்டும். மேட்டுத்தெருவில் அவர் வீடு சும்மாதானே கிடக்கும், கீழத்தெரு ஜனங்கள் அதில் தங்கிக்கொள்வார்கள்."

கொடுப்பதென்றால் நம் ராஜாவுக்குத் தலைகால் புரியாது. "கொடுத்தேன்" என்றார். ராஜா கொடுத்த பரிசை மறுத்தால் பதவி போய்விடும், அது அந்த நாட்டு வழக்கம்.

திருமேனிநாதர் ஓடிவந்து கும்பிட்டார். "என் மாமியாருக்கு ஈரம் ஆகாது, மகாராஜா."

"வற்றின ஏரியில் ஈரம் ஏது?" என்றார் மாயழகி.

"தை பிறந்ததும் போகிறேனே."

"ஐப்பசிக்கு என்ன ஐயா வந்தது?" என்று ராஜா அதட்டினார்.

"ஐப்பசியில் அங்கே ஆள் முழுகத் தண்ணீர் நிற்கும், மகாராஜா. என் பழைய வீடு அந்த ஓரத்தில்தான் இருந்தது. போன வெள்ளத்தில் கூரை வரைக்கும் முழுகித்தான் மேட்டுத்தெருவுக்கு ஓடினேன்."

சிரித்த சபை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

"உம் மாமியாருக்கு ஆகாத இடத்தில் எனக்கு மாளிகையா?" என்றார் ராஜா. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாயழகியிடம் கொடுத்தார். "ஏரியும் உம்முடையது, பதவியும் உம்முடையது. பரிசை மறுத்த இவரை என்ன செய்யலாம்?"

"விரட்ட வேண்டாம், மகாராஜா. கரைக்காவலுக்கு ஆள் குறைகிறது."

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி தளும்ப நிறைந்தது, கீழத்தெருவில் ஒரு வாசல்கூட நனையவில்லை. கரைமேல் தொப்பலாய் நின்ற திருமேனிநாதரிடம் மாயழகி தாழங்குடை ஒன்றை நீட்டினார்.

"மழை வந்துவிட்டது ஐயா, குடை பிடித்துக்கொள்ளும்."