பின்னால் போன மூன்று பங்கு

திருவேங்கடத்துக்கு வயது நாற்பத்தெட்டு. பாலிடெக்னிக் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்துதான். ஆனாலும் ஜெசிந்தா அறைக்குள் வந்தால் திருவேங்கடம் எழுந்து நின்றுவிடுவார். "உட்காருங்க சார்" என்று சொல்லிச் சொல்லி ஜெசிந்தாவுக்கு அலுத்துப்போனதுதான் மிச்சம்.

அன்று காலை ஜெசிந்தா வந்தபோது திருவேங்கடம் ஆய்வுக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் மாநாட்டில் அவர் பேச வேண்டும்.

"மேடம், நாளைக்கு நான் பேசலை. பேரை எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"அணு மேல ஒளி படுது. எலெக்ட்ரான் பிச்சுக்கிட்டு ஓடுது. சராசரியா பாத்தா, ஒளி கொடுத்த உந்தம் அஞ்சு பங்குன்னா, எலெக்ட்ரான் எட்டுப் பங்கோட முன்னாடி போகுது. கொடுத்ததைவிட அதிகமா யாராவது வாங்க முடியுமா? மேடையில மானம் போயிடும்."

"எலெக்ட்ரானைப் பறிகொடுத்த அணு? அந்த அயனி எங்க போச்சு?"

"அது பெரிய கூத்து மேடம். ஒளி வந்த பக்கமே திரும்பிப் போகுது. தள்ளினா முன்னாடிதானே போகணும்? கருவி உளறுதுன்னு அதைக் கணக்குலேர்ந்து தூக்கிட்டேன்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சக்கரம் வைத்த இரண்டு நாற்காலிகளை இழுத்து எதிரும் புதிருமாக ஒட்டிப் போட்டார். ஒன்றில் திருவேங்கடத்தை உட்கார வைத்தார், மற்றதில் தான் உட்கார்ந்தார். வெற்றிட பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் லூர்துசாமியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பின்னாலேர்ந்து என் நாற்காலியை மெதுவாத் தள்ளுங்க. சார், ரெண்டும் நகர ஆரம்பிச்சதும் என் நாற்காலியை எட்டி உதைங்க."

"ஐயோ, உங்களையா?"

"நாற்காலியைத்தான் சார்."

லூர்துசாமி தள்ளினார். இரண்டு நாற்காலிகளும் ஆடி அசைந்து நகர்ந்தன. திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். அவர் நாற்காலி விர்ரென்று போய் எதிர்ச் சுவரில் இடித்து நின்றது. ஜெசிந்தாவின் நாற்காலி வந்த வழியே உருண்டு லூர்துசாமியின் மேலேயே போய் முட்டியது.

"அண்ணன் தள்ளுன வேகத்துலயா சார் அவ்வளவு தூரம் போனீங்க?"

திருவேங்கடம் நாற்காலியை விட்டு எழுந்தார். கணினிக்கு ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். ஒதுக்கி வைத்த அயனிகளைத் திரும்பச் சேர்த்தார். முன்னால் எட்டு. பின்னால் மூன்று. மிச்சம் ஐந்து. ஒளி கொடுத்தது அப்படியே இருந்தது.

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. 'இந்த வயசுல எதுக்குய்யா படிப்பு?' என்று கேட்டவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது. சொந்தக் கையால் அளந்த கணக்கு! ஆனால் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இது பெரிய விஷயம் மேடம். நீங்களே பேசுங்க. நான் பின்னாடி உட்காந்துக்கறேன்."

"அளந்தது நீங்க. நீங்கதான் பேசணும்."

"நீங்க?"

"கடைசி வரிசை."

"சொல்லிக்கொடுத்தவங்க கடைசி வரிசையிலயா? எனக்கு மனசு கேக்கலை."

ஜெசிந்தாவின் முகம் பெருமையில் பூரித்துப்போயிருந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

"முன்னாடி போங்க சார். அயனியை மட்டும் மறுபடி கணக்குலேர்ந்து தூக்கிடாதீங்க."

திருவேங்கடம் எழுந்து நின்றார். இந்த முறை ஜெசிந்தா அவரை உட்காரச் சொல்லவில்லை.